கையால் ஏசிய சிக்னல் அண்ணாச்சி

ஒரு தெரு முழுவதையும் கையாலேயே ஏசித் தீர்த்த மனிதர் தூத்துக்குடியில் ஒருவர்தாம் இருந்தார். அவரை நாங்கள் சிக்னல் அண்ணாச்சி என்றோம். அவரைப் பற்றி அந்தத் தெருவில் உலவும் கதைகளுக்குக் கணக்கே இல்லை. துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த கப்பலை ஒற்றைக் கையால் நிறுத்தினார் என்பார்கள். தம் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்குத் தாமே சைகை கொடுத்தார் என்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதப்போவதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. கோபத்தோடு எழுதுகிறவள் கேள்விப்பட்டதையும் சேர்த்துக்கொண்டால் அது நியாயமாக இராது, வம்பாகிவிடும். ஆகவே என் கண் கண்டதும் என் காது கேட்டதும் மட்டுமே இங்கே வரும். கோபப்படுவதற்கு அவையே போதும்.

துறைமுகத்தில் அவர் பார்த்த வேலை சிக்னல்மேன். கப்பலின் கிரேனை இயக்குகிறவருக்குக் கீழே சரக்கறையில் நடப்பது தெரியாது. அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. சரக்கறையின் விளிம்பில் ஒருவர் நின்று கையைக் காட்டுவார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு கையின்மேல் மறு உள்ளங்கையைக் கவித்தால் மெதுவாக. இரு கைகளையும் விரித்து வீசினால் உடனே நிறுத்து. இரு கைகளையும் வயிற்றின் முன் கோத்துக்கொண்டால், எல்லாம் அப்படி அப்படியே நிற்கட்டும் என்று பொருள். ஓய்வு கொடுத்துத் துறைமுகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. கைகளுக்கு மட்டும் அவர் ஓய்வு கொடுக்கவில்லை.

நாங்கள் குடிவந்த அன்றே இது தெரிந்துவிட்டது. எங்களுடையது மாடி வீடு; படிக்கட்டு குறுகல். இரும்பு பீரோவைக் கயிறு கட்டி வெளிப்புறமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் அழைக்காமலே எதிர்வீட்டிலிருந்து வந்தார். நடுத்தெருவில் நின்று விரலைச் சுழற்றத் தொடங்கினார். சுமைதூக்குகிறவர்களில் இருவர் துறைமுகத்து ஆட்கள் போலும், விரலைக் கண்டதும் பழக்கத்தில் பணிந்துவிட்டார்கள். பீரோ பாதி உயரம் வந்தபோது அவருக்குத் தேநீர் வந்தது. கைகளை வயிற்றின் முன் கோத்துக் காட்டிவிட்டுத் தம்ளரை வாங்கிக்கொண்டார். என் பட்டுப் புடவைகளோடு பீரோ அந்தரத்தில் நின்றது.

“அண்ணாச்சி, ஏத்தச் சொல்லுங்க, கயிறு இழுக்குது” என்று என் கணவர் மேலிருந்து கத்தினார்.

அண்ணாச்சி தேநீரை ஊதினார்.

“ஏலே, நீ ஏத்துலே” என்று சுமைதூக்குகிறவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்.

“எப்படிலே ஏத்த? அவரு இன்னும் கையப் பிரிக்கலல்லா.”

தேநீர் குடித்து முடியும்வரை பீரோ அசையவில்லை. அவர்மேல் என் கோபத்துக்குக் கால்கோள் விழா நடந்தது அன்றுதான்.

அந்தத் தெருவில் தண்ணீர் லாரி வந்தாலும், ஆட்டோ பின்னால் நகர்ந்தாலும், எரிவாயு உருளை இறங்கினாலும் அவர் கை இல்லாமல் நடக்காது. ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் ரோஸ்லின் அக்கா அவரிடம் மட்டும் விலை கூவமாட்டார். விரலை விரிப்பார், அவர் ஒரு விரலை மடக்குவார், இவர் முறைப்பார், வியாபாரம் முடிந்துவிடும். யாராவது மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கூப்பிட்டால் கைகள் இரண்டையும் விரித்து வீசுவார். அவருடைய வசவு அதுதான். அதிலும் சூடு ஆறாவிட்டால் வாயைத் திறப்பார். திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். “தொண்டையக் கிழிக்காத. கையக் காட்டு.”

இதெல்லாம் தெருவோடு நின்றிருந்தால் எனக்கென்ன? என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அம்மா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை. மருத்துவர் காதைச் சோதித்துக் குறையில்லை என்றார். “பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. கேக்காமலே எதையும் எடுத்துக் கொடுக்காதீங்க. வாய் திறந்து கேக்கணும்” என்றார். நான் பள்ளி ஆசிரியை. பேசுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிந்தது முதல் அவளிடம் பேசினேன். இது இட்லி, இது காகம், இது உப்பு லாரி. அவள் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். என் விடுப்பு தீர இருந்தது. மழலையர் பள்ளிக்குச் சேர்க்கப் போனால் அங்கே இருந்தவர், “தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னாவது சொல்லணும்லா மேடம். வாயே தொறக்காத பிள்ளைய நாங்க எப்படிப் பாத்துக்கிட?” என்று திருப்பி அனுப்பினார். அவர் சொன்னதில் பிழையில்லை. அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கதவைத் திறந்தபோது யாழினி என் முன்னால் நின்று ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். தூக்கு என்று பொருள்.

மாடி முகப்பின் கம்பிக்குப் பின்னால் காலை முழுவதும் அவள் நிற்பாள். எதிர்வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அண்ணாச்சி அமர்ந்திருப்பார். அவள் வேறெங்காவது பார்த்தால் மட்டும், பையன்களை அதட்டுவதுபோல் ‘ஏலே’ என்று கூப்பிடுவார். நான் சமையலறையில் காகத்தையும் உப்பு லாரியையும் உரக்க வருணித்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் தெருவுக்குக் குறுக்கே கிரேன் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதன்பின் வீடு துறைமுகமாயிற்று. இட்லி வாயை நெருங்கினால் ஒரு கையின்மேல் மறு கையைக் கவிப்பாள். மெதுவாக ஊட்ட வேண்டும். குளிக்கத் தண்ணீர் ஊற்றினால் இரு கைகளையும் வீசுவாள். மடியிலிருந்து இறங்க வேண்டுமானால் விரல் கீழே சுழலும். பால் தீய்ந்து நான் அடுப்பிடம் ஓடினால், வயிற்றின்முன் கைகளைக் கோத்துக்கொண்டு, எல்லாம் அப்படி அப்படியே நிற்கட்டும் என்று எனக்கு உத்தரவிடுவாள்.

என் கணவர் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறவர். அவருக்கு இதில் அடங்காத பெருமை.

“பாரு, எவ்வளவு சுத்தமா சிக்னல் கொடுக்கா. எங்க ஆபீசுல உள்ளவனுக்குக்கூட இது தெரியாது.”

“பிள்ளைக்குப் பேச்சு வரலைன்னு நான் செத்துக்கிட்டு இருக்கேன். நீங்க கிரேன் ஓட்டுதீங்களா?”

யாழினி எங்கள் இருவரையும் பார்த்து, மெதுவாக என்று காட்டினாள்.

நான் தெருவில் இறங்கினேன். நியாயம் என் பக்கம் இருந்தது. மருத்துவர் சொன்னதும் என் பக்கம் இருந்தது. அவள் கேட்பதையெல்லாம் கையாலேயே வாங்கிக்கொள்ளக் கற்றுவிட்டால் வாயை எதற்காகத் திறப்பாள்? இதை முதலில் நிதானமாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தினேன். அவர் கைகளை வயிற்றின்முன் கோத்துக்கொண்டார்.

“கையப் பிரிங்க அண்ணாச்சி. வாயால பதில் சொல்லுங்க. எம் பிள்ள பேசாமப் போயிட்டா நீங்களா வந்து பாப்பீங்க?”

வாயைத் திறந்தார். தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“வாயால பேசி என்னத்தக் கண்டீய, டீச்சர்? இந்தத் தெருவுல அம்புட்டுப் பேரும் வாயாலதான் பேசுதிய. ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்கு வெளங்குதா? அந்தப் பிள்ள ஒண்ணு காட்டுச்சுன்னா ஒண்ணுதான். அதுக்கு ரெண்டு அர்த்தம் கெடையாது.”

“அவ பொம்பளப் பிள்ள. அவளப் போயி ஏலே ஏலேன்னு கூப்பிடுதீங்க. அதையாவது நிறுத்துங்க.”

இதற்கு அவர் விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினார். குரலை இறக்க வேண்டுமாம். மாடியேறி வந்து, பழைய புடவை ஒன்றை முகப்புக் கம்பியில் மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டினேன்.

புடவையால் பயன் விளையவில்லை. மறுநாள் காலையில் கீழே ரோஸ்லின் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், புடவையின் அடிவிளிம்புக்குக் கீழே ஒரு சின்னக் கை மட்டும் வெளியே நீண்டு சுழன்றுகொண்டிருந்தது. எதிர்வாசலில் அண்ணாச்சி எழுந்து நின்று அந்தக் கைக்கு முறைப்படி பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். புடவையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அதன்பின் யாழினி கையைக் காட்டுவதையும் விட்டுவிட்டாள். என்னிடமும் காட்டவில்லை. பசித்தால் சும்மா நின்றாள். தூக்கம் வந்தால் தரையில் படுத்துக்கொண்டாள். வாயும் இல்லை, கையும் இல்லை. இப்போது நான் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபப்பட்டேன்.

அந்த வாரத்திலேயே எதிர்வரிசையில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஜல்லி லாரி வந்தது. குறுகலான தெருவில் பின்பக்கமாகவே நுழைய வேண்டும். அண்ணாச்சிக்கு அது திருவிழா. எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, கையைச் சுழற்றி லாரியை இழுத்துக்கொண்டிருந்தார். நான் துணி உலர்த்த முகப்புக்கு வந்து புடவையை விலக்கினேன். யாழினி என் காலடியில் நுழைந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

விரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். அவர் பார்க்கவில்லை. கீழே சுழற்றினாள். பார்க்கவில்லை. இரு கைகளையும் விரித்து வீசினாள். ஒரு முதுகுக்கு எந்தச் சைகையும் புரியாது என்பதை என் மகள் அந்த இடத்தில்தான் கண்டுகொண்டாள். அவள் முகம் சிவந்தது. நெஞ்சு விம்மியது.

“ஏலே” என்றாள்.

தெளிவாக, உரத்து, அதிகாரத்தோடு சொன்னாள். லாரிக்காரர் தம்மைத்தான் யாரோ அதட்டுகிறார்கள் என்று நினைத்து வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். தெரு அமைதியாயிற்று. அந்த அமைதியில் இன்னொரு முறை, முன்னிலும் உரக்க, “ஏலே” என்றாள். ரோஸ்லின் அக்கா மீனை விட்டுவிட்டு மாடியைப் பார்த்தார். கடைக்காரர் பார்த்தார். ஜல்லி இறக்க வந்தவர்கள் பார்த்தார்கள்.

திரும்பாதவர் ஒருவர்தாம். அவர் லாரிக்காரரை நோக்கிக் கையை வீசினார். “ஏன்லே நிப்பாட்டுன? நான் நிப்பாட்டச் சொன்னனா?”

“பிள்ள கூப்பிடுது அண்ணாச்சி.”

“என்னலே வாயப் பொளக்க? வண்டிய எடு.”

யாழினி மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். அண்ணாச்சியின் தோள் அசையவில்லை. எஞ்சின் ஓடவில்லை, காற்றும் இல்லை. அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தெருவின் அகலம்தான். என் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது.

நான் இறங்கி ஓடினேன். ரோஸ்லின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பேசிட்டா, டீச்சர். பிள்ள பேசிட்டா” என்றார்.

“இவருக்குக் காது கேக்காதா?”

“மணி அடிச்சாலும் கேக்காது. கப்பல் இரைச்சல்ல போயிட்டுன்னு சொல்லுவாவ. வாயசைவப் பாத்துக் கொஞ்சம் வெளங்கிக்கிடுவாரு. தெருவுக்கே தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது. கேக்காதுன்னு அவரு சொன்னதுமில்ல, நாங்க கேட்டதுமில்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, அக்கா?”

“நீங்க எங்க கேட்டீய? வந்த நாள்லேருந்து ஏசிக்கிட்டுல்லா இருந்தீய.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டரை ஆண்டுகள் இரவும் பகலும் பேசியவள் நான். அம்மா என்ற சொல் அவள் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும். அவள் சேர்த்து வைத்திருந்த முதல் சொல்லை, அந்தத் தெருவிலேயே அதைக் கேட்க முடியாத ஒரே மனிதருக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் இந்தச் சொல்லை.

அதற்குள் ரோஸ்லின் அக்கா அண்ணாச்சியின் தோளைத் தட்டி மாடியைக் காட்டினார். அவர் திரும்பினார். யாழினி அந்தக் கணமே வாயை மூடிக்கொண்டு விரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். அவரும் சுழற்றினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவரளவில் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை வழக்கம்போல் வந்து நிற்கிறாள், அவ்வளவுதான்.

நான் அவருக்கு எதிரே போய் நின்றேன். வாழ்நாளில் முதல்முறையாக, பேச வேண்டியதைக் கையால் பேசினேன். மகளைக் காட்டினேன். என் வாயைக் காட்டினேன். பிறகு அவரைக் காட்டினேன். உங்களைக் கூப்பிட்டாள் என்பது நான் சொல்ல வந்தது. அவர் என் கையைக் கவனமாகப் பார்த்தார். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, அதற்கு நீர்தாம் காரணம் என்ற என் பழைய புகாராகவே அது அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இம்முறை அவர் கைகளை வீசவில்லை. ஒரு கையின்மேல் மறு உள்ளங்கையைக் கவித்துக் காட்டினார். மெதுவாக வரும் என்றார். பிறகு என் தோள்பக்கம் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டு, லாரியிடம் போய்விட்டார்.

அடுத்த சில வாரங்களில் காகமும் இட்லியும் உப்பு லாரியும் ஒன்றன்பின் ஒன்றாக யாழினியின் வாயிலிருந்து வந்தன. அம்மாவும் வந்தது, சற்றுப் பிந்தி. மழலையர் பள்ளியில் சேர்த்தோம். நான் வேலைக்குத் திரும்பினேன். பிறகு கணவரின் அலுவலகம் இடம் மாறவே, நாங்களும் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தோம். வண்டியில் சாமான் ஏற்றிய அன்றும் அண்ணாச்சி நடுத்தெருவில் நின்று பீரோவை இறக்கினார். அன்றும் தேநீர் வந்தது. பீரோ அந்தரத்தில் நின்றது. நானும் காத்திருந்தேன்.

அவர் செவித்திறன் எந்த ஆண்டில் போயிற்று என்பது எனக்குத் தெரியாது. அது தெருவுக்கே தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்பதும் தெரியாது. என் மகள் உலகத்தில் முதன்முதலாகக் கூப்பிட்டது தம்மைத்தான் என்று அவருக்கு யாரேனும் விளங்க வைத்தார்களா என்பதையும் நான் உறுதிசெய்துகொள்ளவில்லை. அந்தக் குரல் ஒருமுறையாவது அவருக்குக் கேட்டிருக்கக் கூடாதா.