டாங்கோ ஹாலில் தலையாட்டியவன்

கொங்குநாட்டுக்காரனுக்கு வாய் அடங்கினாலும் கழுத்து அடங்காது. தெரிந்தவரோ தெரியாதவரோ, எதிரே வந்தால் தலை தானாக அசைந்து 'வாங்க' சொல்லிவிடும். அந்தப் பாழாய்ப்போன கழுத்தால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் யாழினியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளோ பெங்களூரில் வேலை பார்த்தபோது டாங்கோ என்கிற ஜோடி ஆட்டம் பழகியவள். சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றாள். (பத்துப் பொருத்தம் பார்த்த அப்பா, பதினொன்றாவது இது போல என்று விட்டுவிட்டார்.)

ஒரு மாதம் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு, வீடியோ பார்த்துக் காலை நகர்த்தினேன். பூர்வீகம்கூடப் படித்தேன். புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்துப் பக்கம் பிழைக்கப் போனவர்களிடம் பிறந்த ஆட்டமாம். பாண்டோனியன் என்கிற துருத்திப் பெட்டி ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போய், அங்கே சாராயக் கடைகளில் அழுததாம். எல்லாம் படித்த மேதாவி, ஜோடியை எப்படி அழைப்பது என்பதை மட்டும் படிக்கவில்லை.

யாழினி வரச் சொன்ன சனிக்கிழமை சாயங்காலம், ரேஸ்கோர்ஸ் பக்கம் டாங்கோ ஆடுகிற ஒரு மாடி ஹால். யாழினி எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதற்றத்தில் நான் கல்யாண மண்டப வாசலில் நிற்பவன்போல, உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினேன். ஒரு பல் டாக்டரம்மா பதிலுக்குத் தலையசைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஹாலை நடத்துகிறவர் ஓடிவந்தார்.

"கண்ணப் பாத்துத் தலையாட்டுனா ஆடக் கூப்புடறதுன்னு அர்த்தமுங்க. அவங்க ஒத்துக்கிட்டாங்க. போய் ஆடோணுமுங்க."

ஜோடி சேர்ந்தால் நாலு பாட்டுக்கு விலகவும் கூடாதாம். நாலு பாட்டும் டாக்டரம்மாவின் கால்விரல்கள் மேலேயே ஆடினேன். முடிந்ததும் அவமானம் தாங்காமல், மன்னியுங்கள் என்பதுபோலச் சுற்றிலும் தலையாட்டினேன். அதற்கு ஒரு கல்லூரிப் பேராசிரியை சம்மதித்துவிட்டார். அவருக்குப் பின் இன்னும் இருவர்.

கடைசியில் யாழினியைத் தேடினால் நாற்காலி காலி. படிக்கட்டில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, ஊரையே கூப்புட்டீங்க. என்னைய மட்டும் உட்டுப்போட்டீங்களே?"

"உங்களப் பாக்கவே பயமா இருந்துச்சுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆட்டம் உங்களுக்கு இந்த ஜென்மத்துல வராதுங்க. கல்யாணம் வேணா பண்ணிக்கலாம். ஆனா, இனி நாஞ் சொல்லாம நீங்க தலையாட்டக் கூடாது."

ரிசப்ஷன் மேடையிலேயே அதைக் கடைப்பிடித்தேன். சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் கட்டோடு வந்த அவளுடைய தாய்மாமாவின் முன்னால் கம்பம்போல நின்றேன். அவர் இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மாப்பிள்ளை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். பக்கத்தில் நிற்கும் யாழினி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள்.