கோழிப்பண்ணையில் இறங்காத விமானம்

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பந்தியில் ரசம் வருகிற நேரத்துக்கு அந்தக் கேள்வியும் வந்துவிடும். "ஏனுங் அம்மிணி, பைலட்டுக்குப் படிக்கிற புள்ளைகள ராத்திரியில ஒண்டியாப் பறக்க உடலாமுங்களா?" கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். கேள்வி பொதுவானதுதான், ஆனால் குறி நான்.

அன்றும் இன்றும் என் பதில் ஒன்றுதான். தாராளமாக விடலாம். விட்டே ஆக வேண்டும். ராத்திரியில் தனியாகப் பறந்து பார்க்காதவளை நம்பிப் பின்னாளில் நூறு பேர் எப்படி விமானம் ஏறுவார்கள்? தடுக்க வேண்டியது மாணவ விமானிகளை இல்லை, அவர்களுடைய பெரியப்பாக்களை. (இதைச் சொன்னால் எனக்கு மட்டும் மோர் வராது. வராவிட்டால் போகட்டும்.)

அப்போது எனக்கு இருபது வயது. அப்பா மல்லசமுத்திரத்தில் போர்வெல் ரிக் லாரி வைத்திருந்தார். நான் பனமரத்துப்பட்டிக்குத் தெற்கே, பொட்டல் காட்டில் இருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் தனியாக நாலு தடவை ஏறி இறங்கியதுமே எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தேன். (வெங்காயம் உரிக்கும்போது மட்டும் அது உண்மையிலேயே உதவியது.)

லைசென்ஸ் வேண்டுமென்றால் இரவிலும் தனியாகப் பறந்து காட்ட வேண்டும். இதை வீட்டில் சொன்ன அன்று பெரியப்பாவும் இருந்தார். அவர் அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் பயிற்சித் தளத்துக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் இரண்டு நீளக் கொட்டகை போட்டு முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறவர். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

"ராத்திரியில ஒண்டியாவா? வேண்டாங் கண்ணு. கூட ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுப் போ."

"கூட ஆள் இருந்தா அது தனியாப் பறக்கறது இல்லீங்க பெரீப்பா."

"அப்பப் பகல்ல பற."

"நம்ம ரிக்கு லாரி ராத்திரியிலதானுங்களே ஓடுது? டிரைவருதானே ஓட்டறாரு? அவரு பக்கத்துல நீங்க உக்காந்துட்டா போறீங்க?"

"லாரி மக்கர் பண்ணுனா ஓரங்கட்டலாம். நீ எங்க சாமி ஓரங்கட்டுவ?"

வாதத்தில் தோற்கிறபோது நான் குரலை உயர்த்துவேன். உயர்த்தினேன். கடைசியில் அப்பாதான் நடுவில் புகுந்தார். "ஒருக்காப் போயிப் பாக்கட்டுங்ணா. புள்ள ஆசப்படுது."

பெரியப்பா மீசையைத் தடவினார். "செரி, போகட்டும். ஆனா ஏடாகூடமா ஒண்ணு ஆச்சு, மறுநாளே படிப்பு நின்னுரோணும். நல்ல பையனாப் பாத்து முடிச்சிரலாம்." அப்பாவும் தலையாட்டிவிட்டார். ஆக, அந்த ஒரு ராத்திரியில்தான் என் படிப்பு, என் பிழைப்பு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நாளைக்கு இருட்டினதும் உங்க பண்ணைப் பக்கமாத்தானுங்க திரும்புவேன். வெளிய வந்து நின்னு பாருங்க, பெரீப்பா" என்று சவடால் விட்டேன். அந்தச் சவடாலை மட்டும் விடாமல் இருந்திருந்தால் இன்று எனக்குப் பந்தியில் மோர் கிடைத்துக்கொண்டிருக்கும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கேப்டன் ஆரோக்கியசாமி. சேலம் டவுன்காரர். தம் மாணவர்கள் தனியாகப் பறக்கிற இரவுகளில் ஜெபமாலையை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறுகையில் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல சார்."

"எனக்கு இருக்கு. போயிட்டு வா."

முதல் சுற்று அருமையாகப் போனது. ஏறினேன், திரும்பினேன், இறங்கினேன். சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. அங்கேதான் சனி பிடித்தது. இரண்டாவது சுற்றில் எனக்குத் தரையைப் பற்றிய கவலையே இல்லை. பெரியப்பா பார்த்துக்கொண்டிருப்பாரே என்ற நினைப்புதான். பண்ணை எங்கே என்று தேடிக் கையாட்டினேன். (இருட்டில், ஆகாயத்தில், மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து. ஆமாம், ஆட்டினேன்.)

ஆட்டிக்கொண்டே திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். பகலாக இருந்தால் பனமரத்துப்பட்டி ஏரி எனக்கு அடையாளம். ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டே திரும்பினால் ரன்வே தானாக எதிரே வரும். ராத்திரியில் ஏரி எங்கே, காடு எங்கே? எல்லாம் ஒரே கறுப்பு. அவசரமாகத் திரும்பி ரன்வேயைத் தேடினேன்.

எதிரிலேயே இருந்தது. கோடு போட்ட மாதிரி இரண்டு வரிசை வெள்ளை விளக்கு. எங்கள் ரன்வே விளக்கு இத்தனை பளிச்சென்று என்றைக்குமே எரிந்ததில்லை. எனக்காகக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கை நேராகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, இறங்க ஆரம்பித்தேன்.

ரேடியோவில் கேப்டன் கேட்டார். "எங்கம்மா இருக்க?"

"இறங்கிட்டு இருக்கேன் சார். ரன்வே நல்லாத் தெரியுது."

"எனக்கு நீ தெரியலையேம்மா."

பாவம், வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதே நேரம் ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு நாற்றம் உள்ளே வந்தது. பிறந்ததிலிருந்து எனக்குப் பழக்கமான நாற்றம். லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போனால் துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிற நாற்றம். எந்த ஊர் ரன்வேயிலும் கோழி எச்சம் நாறாது என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

உற்றுப் பார்த்தேன். இரண்டு விளக்கு வரிசைக்கும் நடுவில், முண்டா பனியனோடு ஒரு மனிதர் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி வீசினார். அந்தத் தொப்பையை எனக்கு எவ்வளவு உயரத்திலிருந்தும் தெரியும்.

எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளி, மூக்கைத் தூக்கி, கொட்டகைக்கு மேலே கிழித்துக்கொண்டு ஏறினேன். கீழே ஆயிரக்கணக்கான கோழிகள் என்ன சொல்லித் திட்டினவோ, எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. காம்பஸைப் பார்த்தேன், ஒழுங்காகத் திரும்பினேன், தூரத்தில் மங்கலாக எரிந்த உண்மையான ரன்வேயைக் கண்டுபிடித்து இறங்கினேன். முதல் தடவையைவிட நன்றாகவே இறங்கினேன். இதைப் பந்தியில் யாரும் சொல்வதில்லை.

கேப்டன் ஓடுகிற நடையில் வந்தார். "ரன்வே முனையில பச்சை விளக்கு இருக்குமே, பாத்தியா?"

"இல்ல சார்."

"காம்பஸ் பாத்தியா?"

"கடைசியிலதான் சார் பாத்தேன்."

"அதுவரைக்கும் என்னதாம்மா பாத்த?"

"எங்க பெரியப்பாவ, சார்."

முழுக்கதையையும் கேட்டுவிட்டு, ஜெபமாலையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். "நீ பண்ணுனது பெரிய தப்பு. ஆனா தப்புன்னு தெரிஞ்சதும் மேல ஏறின பாரு, அதுக்குத்தான் தனியா அனுப்புறது. நான் பக்கத்துல இருந்தா நான் ஏத்தியிருப்பேன், நீ கத்துக்கிட்டே இருக்க மாட்ட. நாளைக்கு என்னோட ஒரு சுத்து வா. அப்புறம் தனியாப் போ" என்றார். எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு என் வீட்டில் படிப்பே நிற்கப்போகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

விடிந்ததும் அப்பா என்னைப் பண்ணைக்குக் கூட்டிப்போனார். கோழிகள் மிரண்டுபோய் முட்டையிடாததால் அட்டைகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. கோழிகள் என்னை அடையாளம் தெரிந்த மாதிரியே பார்த்தன. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அம்மிணி, பேசுனது பேசுனதுதான். படிப்ப நிறுத்திக்கலாம்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கொட்டகைக்கும் நடுவே போகிற வண்டிப்பாதையின் இருபுறமும் சவுக்குக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு ட்யூப்லைட் கட்டியிருந்தது. கல்யாணப் பந்தலுக்குக் கட்டுகிற அதே ட்யூப்லைட். போன வாரம்வரை அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

"இது என்னங்க பெரீப்பா?"

அவர் கட்டில் கயிற்றை இழுத்து முறுக்கினார்.

"யாரு கட்டுனதுங்க?"

"பந்தக்காரனக் கூட்டியாந்து நான்தான் கட்டச் சொன்னேன்" என்றார், தரையைப் பார்த்தபடியே. "இருட்டுல ஒண்டியா வாரேங்கற. வழியில ஒரு வெளிச்சமாச்சும் இருக்கட்டுமேன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே அளவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. கோபத்தையே முதலில் எடுத்தேன். "ராத்திரியில தனியாப் பறந்ததுல ஒண்ணும் ஆகலீங்க. நீங்க போட்ட லைட்டாலதான் ஆச்சு. அப்பவும் நான் இறங்கலை, மேல ஏறி, சரியான எடத்துலதான் இறங்கினேன். படிப்ப நிறுத்தோணும்னா முதல்ல இந்த லைட்டு கட்டுன ஆள நிறுத்துங்க."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். (சிரிப்பை அடக்குகிறார் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது.) பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அடுத்தது எப்பப் பறக்கற?"

"இன்னைக்குச் சாயங்காலமுங்க. மொதல்ல சாரோட, அப்பறம் ஒண்டியா."

"போ சாமி. நான் மெயின் சுச்சையே அமுத்திப்போடறேன்."

அன்று மாலை மேற்கே அந்தப் பக்கம் முழுக்க ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நான் தனியாக ஏறித் தனியாக இறங்கினேன்.

இப்போது நான் துணை விமானி. பெரிய விமானம், பெரிய ஊர்கள். ராத்திரி டூட்டி இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் பெரியப்பாவிடமிருந்து போன் வந்துவிடும். முட்டைக்கோழிக்குச் சாயங்கால வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும், அது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அணைக்க வேண்டாம் என்று நானும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.

"இன்னைக்கு எங்க சாமி இறங்கற?"

"கவுகாத்தியிலங்க பெரீப்பா. அசாமு. இங்கிருந்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்குதுங்க."

"இருக்கட்டும் சாமி. எதுக்கும் மெயின அமுத்தியே வெக்கறேன்."