பெறுநர் வாங்க மறுக்கிறார்

வாளியில் ஆவி பறந்தது. சோப்பு, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் தயார். ஆள்தான் கட்டிலை விட்டு அசையவில்லை.

"ஐயா, தண்ணி பதமா இருக்கு. ஆறிடப் போகுது."

"ஆறட்டும்மா. செடிக்கு ஊத்திடு."

முப்பத்தாறு வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்த முதியோர் இல்லத்தில் எல்லாருக்கும் அவர் தபால்காரர்தான். பத்து நாட்களுக்கு முன் குளியலறையில் லேசாக வழுக்கினார். இனிமேல் தனியாகக் குளிக்கக் கூடாது, பணிப்பெண்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று உத்தரவானது. அதிலிருந்து அவள் கூப்பிடும்போதெல்லாம் மாட்டேன் என்கிறார். குளியல் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒன்பது சிவப்புப் பெருக்கல் குறிகள்.

பதிவேடு கூடத்து மேஜையில் எல்லார் கண்ணிலும் படும்படி திறந்தே கிடந்தது. மூன்றாவது பெருக்கல் விழுந்ததும் பக்கத்துக் கட்டில்காரர், "மூக்குள்ள மனுஷன் இந்த ரூம்ல இருக்க முடியுமா?" என்று தன் தீராத ஜலதோஷ மூக்கைச் சிந்தியபடியே புகார் கொடுத்தார். ஆறாவது விழுந்ததும் மேற்பார்வையாளர் அம்மா அந்த அறையைக் கைக்குட்டையும் மூக்குமாகக் கடக்கத் தொடங்கினார். பணிப்பெண்ணுக்கே நேற்று போர்வையை உதறும்போது ஏதோ குப்பென்று அடித்த மாதிரி இருந்தது.

"டாக்டரே குளிச்சாகணும்னு சொல்லிட்டாருங்கய்யா."

"எழுத்துல இருக்கா?"

ஓடிப்போய்ச் சீட்டு எழுதி வாங்கி வந்தாள். தபால்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரூம் நம்பர் இல்ல. இனிஷியல் தப்பு. 'பெறுநர் வாங்க மறுக்கிறார்'னு எழுதித் திருப்பி அனுப்பிடு."

அடுத்து அவருடைய மகளுக்குப் போன் போட்டாள். மகள் சொன்னால் கேட்பார் என்று நினைத்தாள்.

"எங்கப்பாவா? ரெண்டு வேளை குளிக்கிற மனுஷன! நீங்க என்ன பண்ணினீங்க அவரை?" என்று மகள் அழுதாள். அழுகை முடிந்த கையோடு மேற்பார்வையாளருக்குப் போன் செய்து கத்தினாள்.

இனி ஒரே வழிதான். ஆறிய டீயைக் கொண்டுபோய்க் கால் தடுக்கியதுபோல் அவர் மேல் கொட்டிவிட்டால் குளித்துத்தானே ஆக வேண்டும்? திட்டம் சரிதான். அவள் கால் நிஜமாகவே தடுக்கிவிட்டது. டீ முழுவதும் பக்கத்துக் கட்டில்காரர் தலையில் இறங்கியது.

"இப்பத்தான்யா குளிச்சு வந்தேன்!" என்று அவர் துள்ளினார். "குளிக்காதவர் சொகுசா உட்கார்ந்திருக்காரு, குளிச்சவனுக்கு டீ அபிஷேகமா? இனிமே நானும் குளிக்க மாட்டேன்!"

அவரைப் பார்த்து எதிர் அறை, எதிர் அறையைப் பார்த்து மாடி. மதியத்துக்குள் பதிவேட்டில் மேலும் ஐந்து பேருக்குச் சிவப்பு.

மேற்பார்வையாளர் அம்மா அவளை அழைத்தார். "சாயங்காலம் வரைக்கும்தான் டைம். அப்புறம் அவரைப் படுக்கை நோயாளிங்க வார்டுக்கு மாத்திடுவேன். அங்க ரெண்டு ஆளு பிடிச்சுக் குளிப்பாட்டிடுவாங்க."

அந்த வார்டை அவள் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து, வாளி இல்லாமல், கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்களை அங்க அனுப்ப எனக்கு மனசு வரல. நிஜத்தைச் சொல்லுங்க. என்னதான் கஷ்டம்?"

தபால்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எத்தனை ஆயிரம் கதவைத் தட்டியிருப்பேன்! ஒரு வீட்டுக்குள்ளயும் கூப்பிடாம காலை வெச்சதில்லம்மா. இங்க என்னடான்னா, என் மேல இருக்கிற துணியையே தட்டிக் கேக்காம உருவ வர்றீங்க. என் மக வயசு உனக்கு."

அவள் எழுந்துபோய்க் குளியலறைத் தரையைத் துடைத்தாள். வழுக்காத பாய் விரித்து, நாற்காலி போட்டு, சொம்பையும் சோப்பையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

"கதவைச் சாத்திக்குங்க, தாழ் மட்டும் வேணாம். நான் வெளிய முதுகைக் காட்டிட்டு நிக்கிறேன். கூப்பிட்டா குரல் குடுக்கணும், அவ்வளவுதான்."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஐயா?"

"இருக்கேம்மா."

"ஐயா?"

"இருக்கேன், இருக்கேன். முதுகுக்குச் சோப்பு போடவாவது விடு!"

கால் மணி நேரத்தில் தலை வாரி, பவுடர் பூசி வெளியே வந்தார். கூடமே கைதட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் மூக்கை உறிஞ்சி, "அப்பாடா, இப்பத்தான் மூச்சு விட முடியுது!" என்றார். மேற்பார்வையாளர் அம்மா கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார். "பாருங்க, ரூமே மணக்குது!" என்றார். குளிக்க மறுத்த ஐந்து பேரும், கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றால் தாங்களும் தயார் என்று வரிசையில் நின்றார்கள்.

பணிப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே முதல் பச்சைக் குறியைப் போட்டாள்.

ஈரத் தரையைத் துடைக்க வந்த துப்புரவுக்கார அம்மா, நடந்ததையெல்லாம் வியப்போடு பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

"இன்னைக்கு எதுக்கும்மா ரெண்டாவது தடவை? தினமும் விடியக்காலைல, நீங்கள்லாம் டூட்டிக்கு வர்றதுக்கு முன்னாடியே, என்னைக் கதவுக்குக் காவல் நிக்க வெச்சுட்டு ஜம்முனு குளிச்சிடுவாரே!"