புதுப் பாலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

பெண்ணைப் பெற்றவனுக்குப் பயப்படக் காரணமே வேண்டாம். எனக்கோ நெடுஞ்சாலைத் துறை ஒரு காரணத்தைக் கட்டியே கொடுத்திருந்தது.

அந்த வருஷத்துப் புயல் மழையில் சாத்தூர் ஆற்றுப் பாலத்தின் இரண்டு கண்கள் இடிந்து போயின. பல மாதம் பஸ்களும் லாரிகளும் ஆற்று மணலில் இறங்கி ஏறின. என் மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் பாலத்தைச் சரிசெய்து திறந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விருதுநகரிலிருந்து அதன் மேல்தான் வர வேண்டும்.

"தாங்குமா?" என்று பாலத்து மேஸ்திரியிடம் கேட்டேன்.

"யானையே போகலாம் சார்."

"யானை போனா எனக்கென்னய்யா? வாரது சம்பந்தி வீடுல்ல!"

அவர் சொன்னதை நம்பாமல், பஸ்ஸை அக்கரையிலேயே நிறுத்தி அத்தனை பேரையும் இறக்கினேன். "நடந்தே போயிருவோம், காத்தாட இருக்கும்" என்று முன்னால் நடந்தேன். (பள்ளிக்கூட வாத்தியார் மூளை எனக்கு!)

நாங்கள் பாதிப் பாலம் வந்தபோது காலடியில் இடி முழங்கியது. புகை கிளம்பியது.

"பாலம் போச்சு! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

சம்பந்தி வீட்டார் வந்த வழியே பஸ்ஸுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை மட்டும் என் பின்னால் ஓடிவந்து இக்கரை சேர்ந்தார். அங்கே என் மைத்துனன் கையில் ஊதுபத்தியோடு நின்றான். வெடி கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"என்ன மச்சான், நீங்கதானே மாப்பிள்ளை பாலத்துல ஏறினதும் சரவெடியைக் கொளுத்தச் சொன்னீக? சத்தம் நல்லா எடுக்கட்டும்னு பாலத்துக்கு அடியில கட்டினேன்."

சொன்னது நான்தான். பாலத்துக் கவலையில் மறந்தே போனேன்.

அக்கரையிலிருந்து சம்பந்தி கூப்பாடு போட்டார். "ஏலே, திரும்பி வாலே! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!"

ஊருக்குள்ளே மண்டபத்தில் என் மகள் மணையில் உட்காரக் காத்திருக்கிறாள்.

"வாரேம்பா," என்றார் மாப்பிள்ளை. "முதல்ல நீங்க இங்கன வந்து காட்டுங்க, பாலம் நிக்குதான்னு பாப்போம்."

அக்கரையில் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்ட மேஸ்திரி, அங்கே சாலை போட்டுக்கொண்டிருந்த ரோடு ரோலரைப் பாலத்தில் ஏற்றினார். அது ஆடி அசைந்து நடுப்பாலம் தாண்டியது. "அம்புட்டுக் கனமும் தாங்குதே!" என்று சம்பந்தி முனகினாராம். பிறகு ரோலருக்குப் பின்னால் நாதசுரம், அதன் பின்னால் முறைத்த முகத்தோடு அவர். ஊரே கூடி நின்று பார்த்த ஊர்வலம் அது. முகூர்த்தம் தப்பவில்லை.

இன்றும் பாலம் வந்தால் பஸ்ஸில் முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். மகள் வீட்டில் சண்டை வந்தால் மட்டும் எனக்குக் கவலையில்லை. மாப்பிள்ளை குரலை உயர்த்தியதும் அவள் கேட்பாளாம்:

"உங்க ஆளுக அம்புட்டுப் பேரும் அந்தப் பக்கம் ஓடினாக. உங்களை யாரு இந்தப் பக்கம் ஓடிவரச் சொன்னது?"