பத்துத் தட்டு மௌனத்துக்கு ஓர் அனுமதி

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் இனி நான் வாயில் வைக்கும் பியரெல்லாம் வெறும் தண்ணீராகப் போகட்டும்.

ஹோல்லர்ஸ்டைன் சிற்றரசில் அப்போது துக்கம்தான் நாகரிகம். இசையமைப்பாளன் என்றால் முகம் வெளுத்திருக்க வேண்டும், தலை சீவியிருக்கக் கூடாது. சீமாட்டிகள் கச்சேரிக்கு வரும்போதே, மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஓர் உறவினரையும் கூட்டிவருவார்கள்.

இசையமைப்பாளர் ஃப்ளோரியன் ட்ராட்வைனுக்கு அந்த வேஷம் தேவைப்படவில்லை. மனைவி ரோஸ்விதா காசநோயில் போய் எட்டு வருஷம். எட்டு வருஷமும் அவளுக்காக ஒரே ஒரு சிம்பொனியை எழுதினார். அதன் நடுவில் அறுபது வாத்தியமும் இடியாக முழங்கி, சட்டென்று நின்றுவிடும். தாளத்தில் பத்துத் தட்டுக்கு ஒரு சத்தமும் இல்லை. அவள் மூச்சு நின்ற இடம் அது.

அரங்கேற்றத்துக்குத் தணிக்கை முத்திரை வேண்டும். தணிக்கை அதிகாரி ப்ரோக்கல் முரசை அனுமதித்தார், எக்காளத்தை அனுமதித்தார், அந்த இடத்தில் விரலை ஊன்றினார்.

"இங்க என்னய்யா, காலியா விட்டிருக்கீர்?"

"மௌனம் ஐயா."

"எதைப் பத்தி?"

"மௌனத்துல எதைப் பத்திங்க..."

"அதான்யா ஆபத்து! பாட்டுல தப்பா ஒரு வார்த்தை இருந்தா அடிச்சிடலாம். ஒண்ணுமே இல்லாததை எப்படி அடிக்கிறது? அறுநூறு பேரு பத்துத் தட்டு சும்மா உக்காந்தா ஆறாயிரம் தட்டு யோசனை. இந்த நாட்டுல ஒரு வருஷத்துக்கே அவ்வளவு யோசனைக்கு நாங்க அனுமதி கொடுத்ததில்ல."

"அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் சத்தம்தான் ஐயா."

"சத்தத்துல எங்களுக்கு ஆட்சேபணையே கிடையாது."

பதினொரு மனுக்களுக்குப் பிறகு ஆணை வந்தது: 'மேற்படி மௌனம் நிபந்தனைக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது. மேற்படி பத்துத் தட்டின்போது சபையோரும் வாத்தியக்காரரும் மேதகு டியூக் அவர்களின் தேக சௌக்கியத்தை மட்டும் சிந்திப்பார்களாக.'

காகிதத்தில் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும், தலைக்குள்ளேயா எட்டிப் பார்க்கப் போகிறான் என்று ட்ராட்வைன் கையெழுத்துப் போட்டார்.

கச்சேரியன்று நாற்காலிக்கு நாற்காலி ஆணையின் நகல். முன்வரிசையில் டியூக். தூணோரம் நோட்டுப் புத்தகத்தோடு ப்ரோக்கல். ட்ராட்வைனே வாத்தியக்காரர் முன்னால் நின்று கோலை வீச, வாத்தியங்கள் முழங்கின. நின்றன.

பாதி மயங்கிய சீமாட்டிகள் சட்டென்று நிமிர்ந்தார்கள். டியூக்கின் சௌக்கியத்தை நினைக்கும்போது மயங்கி விழுந்தால் அது அபசகுனமாயிற்றே! இருமல் வந்தவர் அதை விழுங்கி நீலமானார்.

பத்துத் தட்டு முடிந்தது. அடுத்து ட்ராட்வைன் கோலைத் தூக்க வேண்டும். ஆனால் முதலில் தூக்குகிறவன், டியூக்கை நினைத்தது போதும் என்று முடிவு கட்டியவன் ஆகிறான். ப்ரோக்கல் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

முதல் வயலின்காரர் கீன்லே உதடு அசையாமல், "கோலைத் தூக்குங்க மாஸ்டர்" என்றார்.

"நீ முதல்ல வில்லை எடு."

"எனக்கு நாலு பிள்ளைங்க மாஸ்டர்."

கால் மணி. அரை மணி. முக்கால் மணி. அப்போதுதான், முதல் முழக்கத்திலேயே உறங்கிப்போயிருந்த டியூக் விழித்தார். நிசப்தம். எழுந்து நின்று கை தட்டினார்.

"அடடா! இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்ச இசை இது ஒண்ணுதான்யா. முன்னாடி வந்த அந்த இரைச்சல் மட்டும் வேண்டாம்."

ட்ராட்வைன் அங்கேயே அரண்மனை இசையமைப்பாளர் ஆனார். அடுத்த பருவத்தில் நாட்டிலுள்ள அத்தனை பேரும் மௌனம் எழுதினார்கள். யாருடைய மௌனம் ஆழம் என்று பத்திரிகைகள் அடித்துக்கொண்டன. தணிக்கை அலுவலகத்துக்கு இன்னொரு மாடி கட்டினார்கள்.

கச்சேரி முடிந்த அன்று வாசலில் கீன்லேயின் மனைவி ட்ராட்வைனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: "முக்கால் மணி நேரம்! ரோஸ்விதாக்காவை எப்படியெல்லாம் நினைச்சிருப்பீங்க!"

அந்த முக்கால் மணியில் ட்ராட்வைனின் நினைவில் ரோஸ்விதா ஒருமுறைகூட வரவில்லை. வந்ததெல்லாம் டியூக்கின் கல்லீரலும் வலது கால் வீக்கமும்தான். அவையிரண்டும் நன்றாக இருக்க வேண்டுமென்று மனதார வேண்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

இதைச் சொன்னது யாரென்று கேட்டால் என் பேரை விட்டுவிடுங்கள். படித்துவிட்டு இப்படிப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, என்ன யோசனை என்று யாராவது கேட்டால், அந்த வீக்கம் வடிந்ததா என்றுதான் யோசிப்பதாகச் சொல்லிவையுங்கள்.