எனிட் பெயரில் ஒரு புதர்

அன்புள்ள மைத்துனன் கிளைவுக்கு, காலமான உன் அக்காவின் காலமாகாத கணவன் ஹொரேஸ் எழுதிக்கொண்டது. நான் நலமில்லை. நீயாவது நலமாயிரு.

நம்ம எனிட் மலைச்சரிவிலிருந்து கிளை ஒடித்து வந்து முன்வாசலில் நட்டாளே, அந்த டெய்சிப் புதர், வெள்ளைப் பூ, பல்லுப்போன சீப்பு மாதிரி அங்கொரு இதழ் இங்கொரு இதழ், அது யாரும் பெயர் வைக்காத புது இனம் என்று நம்பித் தொலைத்தேன். தன் பெயரை ஒரு நாய்க்குட்டிக்குக்கூட யாரும் வைக்கவில்லை என்று அவள் கடைசிவரை குறைபட்டுக்கொண்டது உனக்கே தெரியும். சரி, புதருக்காவது வைக்கலாம் என்று இலையைத் தையல் மெஷினுக்கு அடியில் அழுத்திக் காயவைத்து மெல்பர்னில் செடி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அனுப்பினால், பூ இல்லாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மறு வசந்தம்வரை காத்திருந்தேன், மொட்டுகளையெல்லாம் ராத்திரி மரத்திலிருந்து இறங்கி வர்ற பாஸம்ங்கிற பிராணி தின்னுட்டுப் போயிடுச்சு. அடுத்த வருஷம் வலை போட்டு, வலையில் நானே தடுக்கி விழுந்து, எப்படியோ போன வசந்தத்தில் பூவை அனுப்பிவிட்டு, அவசரக்குடுக்கை நான், 'எனிட் டெய்சி' என்று பித்தளைத் தகடும் அடித்து, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவென்று தோட்டச் சங்கத்தையே அழைத்துவிட்டேன்.

நேற்று அந்தச் செடி ஆராய்ச்சிக்காரம்மா ரொவீனா போன் செய்தார். எவனோ ஒரு நில அளவைக்காரன் அந்தக் காலத்தில் குதிரையில் போகிறபோக்கில் இதே புதரில் கிளை ஒடித்து லண்டனுக்கு அனுப்பினானாம், அவன் பெயரை வைத்துவிட்டார்களாம். முதலில் வைத்த பெயர்தான் நிற்குமாம். "அவன் ஒரு நாளாவது தண்ணி ஊத்தினானா?"ன்னு கேட்டேன். இந்த டெய்சிப் புதரிலேயே நூற்றுக்கு மேல் வகை இருக்கிறது, வேறு ஏதாவது பாருங்கள் என்று ஆறுதல் வேறு. வேற எதையும் அவ நடலையே, கிளைவ். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஆகவே சனிக்கிழமையே கடப்பாரையோடு வா. சங்கத்தார் வருவதற்குள் அதைத் தோண்டி எறிய வேண்டும். உன் முழங்கால் வலி தீரட்டும், உன் கோழிகள் நரி கண்ணில் படாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹொரேஸ்

பின்குறிப்பு: இதை ஒட்டும்போது பக்கத்து வீட்டு டல்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஹொரேஸ், எங்க வீட்டு எனிட் பூத்துட்டா, உங்களது இன்னும் மொட்டாவே நிக்குதே" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனிட் உயிரோடிருந்தபோது வேலிக்கு மேலேயே கிளை ஒடித்து ஒடித்துக் கொடுத்தாளாம், தெருவில் பாதி வீட்டில் இருக்கிறதாம். "குடுத்தவ பேரைச் சொல்லாம வேற எந்தப் பேரைச் சொல்றது?" என்கிறாள். கடப்பாரை வேண்டாம். ஒரு பூந்தொட்டி கொண்டு வா, உனக்கும் ஒரு எனிட் ஒடித்துத் தருகிறேன்.