நாற்பது மதி

மாரிச்செல்வம் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் போனுக்கு வந்த குரல் செய்தியை மகா மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பது வேண்டா சேட்டா, நாற்பது மதி. நாளே ராவிலே வா. பழையது களஞ்ஞிட்டு ஒழிச்சு தராம்."

அனுப்பியவன் பெயர் மலையாள எழுத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து ஆட்டோ ஓட்டும் மாரிச்செல்வத்துக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த மகாவுக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடாது. ஆனால் காதில் விழுந்தது தெளிவான தமிழாயிற்றே. போன மாதம்தான் அவளுக்கு முப்பது முடிந்தது. ஆக, முப்பது வேண்டாமாம். நாற்பது வயதில் மதி என்று ஒருத்தி இருக்கிறாளாம். நாளை ராத்திரி பழையதை ஒழித்துவிடுவார்களாம். கல்யாணமாகி நாலே மாதத்தில் பழையதாகிவிட்டோமே என்று அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. ஒழிப்பதைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது.

ஊரில் இருக்கும் அம்மா அங்கம்மாளுக்குப் போன் போட்டாள். சண்டை போட்டால் உஷாராகிவிடுவான், நைசாகப் பேசி வாயைப் பிடுங்கு என்றாள் அம்மா.

சாயா டம்ளரோடு வாசலுக்குப் போனாள். அவன் ஆட்டோவின் பின்பக்கம் குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, முப்பதா நாற்பதா?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஓ, நீயும் கேட்டியா? நாற்பதுதான். இந்த ஊர் சூட்டுக்கு முப்பது தாங்காது. இளகித் தண்ணியாப் போயிரும்."

"இப்ப இருக்கிறதுக்கு என்ன குறை?"

"கறுத்துப் போச்சு. வழவழப்பும் இல்ல."

மகா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நிறத்தைக் குத்திக்காட்டும் அளவுக்குத் துணிந்துவிட்டான். "அடிக்கடி மாத்துவீங்களோ?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா. இந்தத் தடவை ஒரு மாசம் கூடுதலா ஓட்டிட்டேன்."

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. மறுபடி அம்மாவுக்குப் போன். ராத்திரி அவன் எங்கேயும் போகக் கூடாது, ஆட்டோ சாவியை ஒளித்து வை என்று உத்தரவு வந்தது. சாவி அரிசி டின்னுக்குள் போனது.

மறுநாள் காலையில் அவன் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினான். அவள் ஒன்றும் தெரியாதவள் போல் தேங்காய் துருவினாள். கடைசியில் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டோவைக் கையாலேயே தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். ராத்திரி வரைக்கும்கூடப் பொறுக்க முடியாத அவசரம். மகா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கொச்சங்காடி கிட்டங்கிகளைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகைக்குள் ஆட்டோ நுழைந்தது. உள்ளே ஒருவன், "ராவிலே தன்னெ எத்தியோ சேட்டா?" என்றான். போனில் கேட்ட அதே குரல். "ஆமா, காலையிலேயே வந்துட்டேன்" என்றான் மாரிச்செல்வம். வெயில் சுள்ளென்று அடிக்கையில் ராவு என்கிறானே, சங்கேதம்தான் என்று மகா முடிவு கட்டினாள். லாரி ஒன்றின் பின்னால் மறைந்து நின்றாள். பத்து நிமிஷமாகியும் எந்தப் பொம்பளையும் வெளியே வரவில்லை. உள்ளேதான் இருக்க வேண்டும்.

விறுவிறுவென்று வாசலில் போய் நின்று கத்தினாள்.

"மதி! ஏய் மதி!"

மாரிச்செல்வம் வாயைப் பிளந்தான். ஆட்டோவின் பின்னால் புனலைப் பிடித்திருந்த மெக்கானிக் இஸ்மாயில் திடுக்கிட்டுக் கையிலிருந்த டப்பாவை நிமிர்த்தினான். அதில் 20W-40 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 10W-30 என்று இன்னொரு டப்பா, மூடி திறக்காமல் ஒதுங்கிக் கிடந்தது. காலடிச் சட்டியில் பழைய ஆயில் கன்னங்கரேலென்று நின்றது.

"யாருங்க அந்த மதி?" என்றாள் மகா.

இஸ்மாயில் புனலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் பணிவாகச் சொன்னான்:

"சேச்சி ரெண்டு வட்டம் மதின்னு பறஞ்ஞு, நானும் ஒழிக்கிறத நிறுத்திட்டேன். பக்ஷே இப்பவே போதும்னா எப்படி சேச்சி? எஞ்சினுக்கு இனியும் அரை லிட்டர் வேணும்."